‘டிசிப்ளின்’: சிட்சையா, ஒழுக்கமா, பயிற்சியா?

தினசரி ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம், தனித்திருந்து தியானிப்பது, வெளியே தெரியாமல் கொடுப்பது இவற்றையெல்லாம் ஒரே பெயரில் ‘ஸ்பிரிச்சுவல் டிசிப்ளின்ஸ்’ என்று சொல்வது இப்போது பழகிப்போய்விட்டது. தமிழில் எழுதும்போது பலர் இதை ‘ஆவிக்குரிய ஒழுக்கங்கள்’ என்று ஆக்கிவிடுகிறார்கள். அகராதியை வைத்துப் பார்த்தால் தவறில்லை. காதுக்குத்தான் ஒட்டவில்லை. ‘அவர் ஒழுக்கம் இல்லாதவர்’ என்று யாராவது சொன்னால், காலை ஜெபத்தைத் தவறவிட்டவர் என்றா நினைப்போம்? வேறு ஏதோ விவகாரம் என்றுதான் மனம் போகும். போதாக்குறைக்கு ‘ஒழுக்கங்கள்’ என்ற பன்மை வேறு.

ஒழுக்கம் நல்ல சொல்தான். ‘ஒழுகு’ என்பதிலிருந்து வருகிறது. நீர் இடைவிடாமல் ஒழுகுவதுபோல் மாறாமல் நடந்துகொள்வது. வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆனால் அது ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதைச் சொல்கிறது. அந்த இடத்துக்கு வந்து சேர அவர் தினமும் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

சரி, மூலச் சொல்லுக்குப் போவோம். லத்தீனில் ‘டிஸ்கிபுலுஸ்’ என்றால் மாணவன். ‘டிஸ்கிப்ளினா’ அந்த மாணவன் பெறும் படிப்பு, அவனுக்குத் தரப்படும் பயிற்சி. இயேசுவின் சீஷர்களை லத்தீன் வேதாகமம் அழைப்பது இந்த ‘டிஸ்கிபுலுஸ்’ என்ற சொல்லால்தான். ஆக, சீஷனும் டிசிப்ளினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிற்காலத்தில் மடங்களில் துறவிகள் தங்களையே அடித்துக்கொள்ளும் சாட்டைக்கும் ‘டிஸ்கிப்ளினா’ என்று பெயர் வந்துவிட்டது. படிப்பைக் குறித்த சொல் அடியைக் குறிக்கும் சொல்லானது.

நம் பக்கத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. ‘சிட்சை’ சமஸ்கிருத ‘சிக்ஷா’விலிருந்து வந்தது, மூலத்தில் கற்றல், கற்பித்தல் என்றுதான் பொருள். இந்தியில் இன்றும் அது கல்வி. மலையாளத்துக்குப் போனால் தண்டனை. தமிழில் இரண்டு பொருளும் இருந்தன. ஆனால் கிறிஸ்தவர்கள் காதில் இன்று தண்டனை மட்டும்தான் விழுகிறது. ஒருவருக்கு வியாதி வந்தால் ‘கர்த்தர் சிட்சிக்கிறார்’ என்று பக்கத்தில் இருப்பவர் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடுவதற்கு இந்தக் குறுகலும் ஒரு காரணம் என்பேன்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ‘பைடேயா’. ‘பைஸ்’ என்றால் பிள்ளை. பைடேயா என்பது பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது: சொல்லிக் கொடுப்பது, திருத்துவது, தேவைப்பட்டால் கண்டிப்பது எல்லாம் அதில் அடக்கம். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாட்டு நிருபமான எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் இதைச் ‘சிட்சை’ என்கிறது. அதே சொல் 2 தீமோத்தேயு 3:16இல் வரும்போது ‘நீதியைப் படிப்பிக்குதல்’ என்று மாறிவிடுகிறது. பழைய ஏற்பாட்டில் இதற்கு இணையான எபிரெயச் சொல் ‘மூசார்’. நீதிமொழிகள் 3:11இல் அது ‘கர்த்தருடைய சிட்சை’. 1:8இல் ‘உன் தகப்பன் புத்தியைக் கேள்’ என்று புத்தி ஆகிறது. ‘புத்தி சொன்னார்’ என்று நாம் இன்றும் சொல்வது இந்தப் பொருளில்தான். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் எபிரெயர் 12இல் சிட்சையை விட்டுவிட்டுத் ‘திருத்துவது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. மூலத்துக்கு அதுவும் பொருந்துகிறது.

இதுவரை பார்த்தது ஒருவர் நமக்குச் செய்வது. நாமே தினமும் செய்வதற்கு அப்போஸ்தலரான பவுல் வேறொரு சொல்லை எடுக்கிறார். 1 தீமோத்தேயு 4:7இல் ‘தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு’ என்கிறாரே, அங்கே இருப்பது ‘கும்நாட்ஸோ’ என்ற வினை. விளையாட்டு வீரர்கள் களத்தில் உடம்பைப் பழக்குவதற்கான சொல் அது. இன்றைய ‘ஜிம்’ அதன் பேத்தி. அடுத்த வசனத்திலேயே சரீர முயற்சியையும் பேசுவதால் பவுல் எதை மனதில் வைத்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை. ‘முயற்சி’ என்பது கொஞ்சம் தளர்ந்த சொல். ‘முயற்சி பண்றேன்’ என்று இன்று ஒருவர் சொன்னால், நடக்காது என்று எடுத்துக்கொள்கிறோம்! ‘பயிற்சி’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ‘பயில்’ என்ற வேரில் திரும்பத் திரும்ப நிகழ்வது என்ற பொருளும் உண்டு.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. எபிரெயர் 12:11ஐப் பாருங்கள்: எந்தச் சிட்சையும் இப்போது துக்கமாய்த் தெரியும், பிற்காலத்தில் ‘அதில் பழகினவர்களுக்கு’ சமாதான பலனைத் தரும். இந்தப் ‘பழகினவர்கள்’ கும்நாட்ஸோவின் இன்னொரு வடிவம்தான். பைடேயாவும் கும்நாட்ஸோவும் ஒரே வாக்கியத்தில் வரும்போது ஒன்றைச் சிட்சை என்றும் மற்றதைப் பழகுதல் என்றும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். என் கணக்கில் அந்த அதிகாரத்தின் மிகச் சிறந்த தமிழ்ச் சொல் இந்தப் ‘பழகினவர்கள்’தான்.

வரலாற்றிலும் பயிற்சி என்ற பொருளே ஓங்கி நிற்கிறது. ஆதி சபைக் கையேடான ‘டிடாக்கே’, பரமண்டல ஜெபத்தை நாளுக்கு 3 முறை சொல்லச் சொல்கிறது. புதனும் வெள்ளியும் உபவாச நாட்கள். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வாரத்துக்கு 150 சங்கீதங்களையும் வைத்தார். துறவிகள் அல்லாதவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் அதை 30 நாட்களுக்கு, காலை மாலை என்று பங்கிட்டது.

இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. மாதத்தின் 17ஆம் தேதி காலையில் 86, 87, 88ஆம் சங்கீதங்கள் வரும். அன்றைக்கு நீங்கள் சந்தோஷமாக எழுந்திருக்கலாம். ஆனால் வாய் சொல்ல வேண்டியது, ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று முடியும் 88ஆம் சங்கீதத்தை. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் கிடையாது. அன்று அது உங்கள் நிலைமை இல்லை, வேறு யாருடையதோ. பிடித்த சங்கீதத்தை மட்டும் எடுத்துப் படிக்கிறவருக்கு இந்த 88 வாழ்நாளில் ஒருமுறைகூட வராமல் போகலாம். அட்டவணைப்படி போகிறவருக்கு, துக்கம் வரும் நாளில் அந்த வார்த்தைகள் ஏற்கெனவே நாவில் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒரு கேள்வியும் எழும். அன்பும் சமாதானமும் ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவியானவர் நமக்குள் விளைவிப்பது என்றால், பயிற்சியால் வருவது எப்படி? ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று தொடங்கும் ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டுக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கும்போல. நடை வரைக்கும் பழக்கம் என்று சொல்லிவிட்டு, நட்பும் தயையும் கொடையும் மட்டும் பிறவிக் குணம் என்று முடிக்கிறது. பவுலைக் கேட்டால் பிறவியும் இல்லை, பழக்கமும் இல்லை, கிருபை என்பார்; உடனே அதே மூச்சில் ‘முயற்சிபண்ணு’ என்பார். இரண்டையும் அவர் சேர்த்தேதான் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே தினசரி பக்திச் செயல்களுக்கு ‘ஆவிக்குரிய பயிற்சி’ அல்லது ‘பக்திப் பயிற்சி’ போதும். இக்னேசியஸ் லொயோலாவின் தியான நூலை ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்று கத்தோலிக்கர் சொல்லிப் பழகியதுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கேட்கும் ‘ஒறுத்தல் முயற்சி’யும், அதாவது விருப்பமானதை விட்டுத் தன்னை ஒடுக்கிக்கொள்வதும், இதற்கு உறவு. நேரம் தவறாமல் செய்வதைச் சொல்ல ‘ஒழுங்கு’ இருக்கிறது. தன்னைக் கட்டுப்படுத்துவதற்கு கலாத்தியர் 5இல் ‘இச்சையடக்கம்’ தயாராக இருக்கிறது. தப்பு செய்தவர்மீது சபை எடுக்கும் ‘ஒழுங்கு நடவடிக்கை’ ஆபீஸ் வாசம் அடிக்கும் சொல். மாற்றுச் சொல் தேடினால் ‘திருத்தம்’ பொருந்தும். மத்தேயு 18:15இல் தனியாகப் போய் உணர்த்தச் சொல்வதே, சகோதரனை ‘ஆதாயப்படுத்திக்கொள்ள’த்தான்.