கண்ணும் வாயும் இல்லாத அரசி

1977 மே 27 அன்று பிரிட்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் இசைக்குழுவின் ‘காட் சேவ் தி குயீன்’ இசைத்தட்டு வெளிவந்தது. அரசி இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறி 25 ஆண்டு நிறைந்ததை நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். உறையையும் விளம்பரப் போஸ்டர்களையும் வடிவமைத்தவர் ஜேமி ரீட். உறையில் கிரீடம் அணிந்த அரசியின் உருவப்படம். கண்கள் இருக்க வேண்டிய இடம் கிழிக்கப்பட்டு, அங்கே பாட்டின் பெயர். வாய் இருக்க வேண்டிய இடத்தில் குழுவின் பெயர். நிறங்கள் நீலமும் வெள்ளியும் மட்டும்.

கண்ணும் வாயும் போன பிறகும் அது யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. எப்படி?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பவன் சின்ஹாவும் தொமாசோ போஜியோவும் 1996இல் ஒரு படத்தை வெளியிட்டார்கள். அதில் அமெரிக்க அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் நிற்கிறார்கள். பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. உண்மையில் இரண்டு தலைகளிலும் இருந்த கண், மூக்கு, வாய் எல்லாம் கிளின்டனுடையவை. கோருடையது முடியும் தலையின் வடிவமும்தான். தெரிந்த முகத்தை மூளை உறுப்பு உறுப்பாகச் சரிபார்ப்பதில்லை. தலையின் வெளிக்கோடு, முடி, சூழல் ஆகியவற்றை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. பிரிட்டிஷ்காரர் ஒவ்வொருவரும் தபால்தலையிலும் நாணயத்திலும் தினமும் பார்த்த தலை அது. கிரீடமும் முடியும் போதும், மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். கிழித்தது ரீட் என்றாலும், கிழிந்த இடத்தில் அரசியின் முகத்தை வைப்பது பார்ப்பவர்தான். அந்த வடிவமைப்பின் முழு பலமும் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அரசாங்க அலுவலகச் சுவரில் மாட்டிய படம் நம்மைப் பார்க்கும். இது பார்க்காது, பேசாது. நாம்தான் அதைப் பார்க்கிறோம்.

அடுத்தது எழுத்து. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு, வெவ்வேறு வடிவம், கடத்தல்காரர் அனுப்பும் மிரட்டல் கடிதம் போல. கையெழுத்து தெரியக் கூடாது என்று செய்தித்தாளில் வெட்டி ஒட்டுவார்களே, அதே முறை. ஒரே அச்செழுத்தில் வந்த சொல்லைப் படிக்கும்போது கண் அந்த வடிவத்துக்குப் பழகி வேகமாக ஓடும். எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறினால் ஒவ்வொன்றையும் புதிதாக அடையாளம் காண வேண்டும், வேகம் குறையும். சுவரைக் கடந்து நடக்கிறவரை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்து வைக்க அது போதும். ஆனால் ரீட் இந்த முறையை ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. 1970 முதல் லண்டனின் புறநகரான க்ராய்டனில் ‘சபர்பன் பிரஸ்’ என்ற சிறிய அரசியல் பத்திரிகையை நடத்தியவர் அவர். காசில்லாத இடத்தில் எழுத்தை வெட்டி ஒட்டுவதுதான் மலிவு.

படத்தை அச்சாக்கியதிலும் இதே மலிவு தெரிகிறது. புகைப்படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனையோ சாயல்கள் உண்டு. அச்சு இயந்திரத்துக்கோ மை வைக்கத் தெரியும், அல்லது வைக்காமல் விடத் தெரியும். நடுவில் எதுவும் கிடையாது. அதனால் படத்தைப் புள்ளிகளாக உடைக்கிறார்கள். இருண்ட இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி. பார்வைக் கோணத்தில் ஒரு பாகையின் (டிகிரியின்) அறுபதில் ஒரு பங்குக்கும் நெருக்கமான புள்ளிகளைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு மீட்டர் தூரத்தில் இது ஏறக்குறைய 0.3 மி.மீ. அதற்குள் இருந்தால் எல்லாம் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளும் விலகும். அப்போது முகம் வெறும் மை என்பது தெரிந்துவிடும். ராஜ கம்பீரத்துக்கு மென்சாயல்கள் தேவை. புள்ளி தெரிகிற அச்சு அதை எடுத்துவிடுகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் உறையில் படமே இல்லை. பளிச்சென்ற மஞ்சளில் எழுத்துகள், அவ்வளவுதான். இந்த வகை ஒளிரும் மை சாதாரண மையைப் போல விழுந்த ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் விழுங்கி, அதைத் தெரியும் ஒளியாக வெளியிடுகிறது. அதனால்தான் பக்கத்தில் உள்ள வெள்ளைத் தாளைவிட அது பிரகாசமாகத் தோன்றும். தலைப்பில் ‘பாலக்ஸ்’ என்ற வசைச் சொல் இருந்ததால், நாட்டிங்ஹாமில் அந்த உறையைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்த கடையின் மேலாளர்மீது 1889ஆம் ஆண்டின் அநாகரிக விளம்பரச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சாட்சி சொல்ல வந்து, ஒரு காலத்தில் பாதிரியாரைக் குறிக்கவும் அந்தச் சொல் வழங்கியது என்று விளக்கினார். நவம்பர் 24 அன்று விடுதலை.

அதற்கு முன்பே ‘காட் சேவ் தி குயீன்’ பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்திருந்தது. இருந்தும் விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. சில கடைகளில் ஒட்டிய பட்டியலில் இரண்டாம் எண்ணுக்கு எதிரே எதையும் அச்சிடாமல் விட்டுவிட்டார்கள். கடைக்கு வந்தவர்களுக்கு அது எந்தப் பாட்டு என்று தெரிந்திருந்தது.