"காது உடைஞ்சா அப்புறம் வலிக்காதாமே?"

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து, சங்கு குளிக்கிற தம்பி ஒருவர் வந்திருந்தார். மூன்று பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) இறங்கினாலே காதில் ஆணி அடிப்பது போல வலியாம். "ஒரு தடவை காது உடைஞ்சிட்டா அப்புறம் வலிக்காதுன்னு பெரியவங்க சொல்றாங்களே, நிஜமா டாக்டர்?" என்று கேட்டார்.

நிஜம்தான். என் பயமும் அதுதான்.

செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் சின்னக் காற்றறைதான் நடுக்காது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் அதற்குள் கோத்துக் கிடக்கின்றன. அங்கவடி 3 மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே சின்ன எலும்பு. எதற்கு இத்தனை ஏற்பாடு? உள்காதில் இருப்பது நீர். தோணியிலிருந்து கூப்பிட்டால் முங்கிக் கிடப்பவருக்குக் கேட்காது இல்லையா? காற்றில் வரும் ஒலி நீரில் பட்டுத் திரும்பிவிடும். செவிப்பறையில் விழும் ஒலியை அதைவிடப் பல மடங்கு சிறிய அங்கவடியின் அடித்தட்டில் குவித்து, அழுத்தத்தைச் சுமார் 20 மடங்காக்கி, உள்ளே தள்ளுவது இந்த மூன்று எலும்புகள்தான்.

அந்த அறைக்குக் காற்று போக ஒரே வழி, மூக்கின் பின்பக்கம் திறக்கும் மூன்றரை சென்டிமீட்டர் குழல். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் அது திறக்கும். கடலில் 10 மீட்டர், அதாவது ஐந்தரை பாகம் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. குழல் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும், வலிக்கும், கடைசியில் கிழியும். கிழிந்ததும் தண்ணீர் புகுந்து அழுத்தம் சமமாகிவிடும். வலி நிற்பது அதனால்தான்.

ஆனால் புகுந்த குளிர்ந்த நீர் சமநிலை உறுப்பைத் தாக்கித் தலையைச் சுற்ற வைக்கும். மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் ஆழத்தில் தனியாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். பிழைத்து வந்தாலும் ஓட்டை ஆறாவிட்டால் சீழ் வைக்கும். நாள்பட்ட சீழ் அந்த எலும்புகளையே அரிக்கும். கடல்பாசி எடுக்கும் அக்காமார் சிலர் வருஷக்கணக்காக ஒழுகும் காதோடு வருகிறார்கள். ஏன் முன்பே வரவில்லை என்றால், "வலிக்கலையே சார்" என்பார்கள்.

வலி வருமுன்பே, முதல் பாகத்திலேயே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். அரை பாகத்துக்கு ஒருமுறை ஊதுங்கள். காது விடவில்லையா, கொஞ்சம் மேலே வந்து மறுபடி பாருங்கள். முக்கி ஊதக் கூடாது, உள்காது கெடும். சளி பிடித்த நாளில் முங்கவே வேண்டாம். ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் சொல்கிறேன்.

உடைந்துவிட்டால் எண்ணெய் விடாதீர்கள், தண்ணீர் படாமல் காதைக் காயவிடுங்கள். பெரும்பாலான கிழிசல் சில வாரங்களில் தானே மூடும். மூடியதா என்று காட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். கரையேறிய பிறகும் தலைசுற்றலோ, இரைச்சலோ, கேட்காமையோ இருந்தால் அன்றைக்கே வாருங்கள்.

அந்தத் தம்பிக்குச் செவிப்பறை சிவந்திருந்தது, கிழியவில்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.