வாக்குத்தத்த அட்டையும் பிடியரிசியும்

ஜனவரி கடைசி வாரம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் அறைக்கு வந்தவர், உட்காரும் முன்பே சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுப்போமே, புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அந்த வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வரும் வசனம். நம் வீட்டுக் காலண்டர்களில் அடிக்கடி பார்ப்பதுதான்.

"இதை எடுத்துப் பதினெட்டாவது நாள் ஹெச்.ஆர். கூப்பிட்டாங்க மேடம். பத்து நிமிஷ வீடியோ கால். லேப்டாப்பைக் கொரியர்ல அனுப்பிடுங்கன்னுட்டாங்க. இப்ப இந்த அட்டையை நான் என்ன பண்றது?"

நாற்பதை நெருங்கும் வயது. ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, ஹொரமாவில் வங்கிக் கடனில் வாங்கிய ஃபிளாட், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். (அடையாளம் தெரியாமலிருக்க இரண்டு மூன்று பேரின் கதைகளைக் கலந்துதான் சொல்கிறேன்.)

நான் மனநல ஆலோசகர், போதகர் அல்ல. ஆனால் காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், அல்சூர் பக்கமிருந்து வருகிறவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நிறைய என்பதால், வேத வசனம் வராத நாள் என் அறையில் குறைவு. பதினான்கு வருடமாக ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலை போவது, நோய், சாவு எல்லாமே பாரம்தான். அதன்மேல் இன்னொரு மூட்டை வந்து ஏறும்போதுதான் மனிதர் உட்கார்ந்துவிடுகிறார். 'நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன், அதான் கர்த்தர் கைவிட்டுட்டார்.' இந்த மூட்டையை ஏற்றிவிடுகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உள்ள சபை மக்கள். "விசுவாசத்தோட கேளுங்க பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டவருக்கு இரவெல்லாம் தூக்கம் வராது, தன் விசுவாசம் எத்தனை கிலோ என்று எடை போட்டுக்கொண்டிருப்பார்.

அட்டையோடு வந்தவரிடம் எரேமியா 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார். "மேடம், மேல எழுபது வருஷம்னு போட்டிருக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். நான் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு அது.

ஆமாம், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, இல்லை, எழுபது வருடம் ஆகும் என்று சொன்ன கடிதம். காத்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பிழைக்க வந்த ஊரில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் அட்டையில் 11-ஆம் வசனத்துக்குத்தான் இடம்.

இயேசுவைப் பின்பற்றுகிறவரை வேதம் சீஷன் என்கிறது. சீஷன், சிஷ்யன் இரண்டும் ஒரே சொல்தான். அதைக் கேட்டால் எனக்கு சிவாஜிநகர் மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் பையன்தான் ஞாபகம் வருவான். வண்டி ஏன் பழுதானது என்று முழுக்கத் தெரியாமலே, கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத் தொழில் கற்கிறான். நெருக்கடியில் இருக்கிறவருக்கு 'ஏன் எனக்கு?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வருடங்கள் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். இன்றைக்கு எந்த ஸ்பேனர் என்பதுவரை பார்க்கலாம், சரிதானே?

முதல் ஸ்பேனர் உடம்பு. சபைகளில் பேசக் கூப்பிட்டால் நான் எலியாவைத்தான் எடுப்பேன். 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார் அந்தப் பெரிய தீர்க்கதரிசி. வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு செம்புத் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் பேச்சு. அதற்கும் அப்புறம்தான் செய்ய வேண்டிய வேலையும், கூட வருவதற்கு எலிசா என்ற ஆளும். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

என் முதல் சந்திப்பும் கிட்டத்தட்ட இதுதான். தூக்கம் எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக வெளியே நடந்தது எப்போது. அப்புறம், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிடுவேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பலருக்குப் பயம். அப்படி ஆகாது. கேட்ட பிறகு பெரும்பாலானவர்கள் மூச்சு விடுகிறார்கள். தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, ஆனால் நம் சபை அறிவிப்புப் பலகைகளில் நான் பார்த்ததில்லை. மாத்திரை சாப்பிடுகிறவரிடம், "விசுவாசம் இருந்தா நிறுத்துங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

அட்டையோடு வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்ட இன்னொன்று தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பது. மூன்று மாதமாகக் கொடுக்கவில்லை, அதனால்தான் வேலை கிடைக்கவில்லையோ என்று. வேதத்தின்படி விளக்கம் வேண்டுமானால் உங்கள் சபைப் போதகரைக் கேளுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த கணக்குப்படி, வருமானம் பூஜ்யமானால் அதில் பத்தில் ஒன்றும் பூஜ்யம்தான்.

நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்த ஒரு பெண், மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தார். "இனி எனக்குன்னு என்ன இருக்கு?" என்றார். ஒரு நோக்கம் இருந்தால் மனம் தேறும் என்று படித்ததை அப்படியே நம்பி, சபையில் துக்க வீடுகளுக்குப் போகும் குழுவில் சேரச் சொன்னேன். அவர்களும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். நான்கு மாதம் என் பக்கமே வரவில்லை. அப்புறம் வந்து சொன்னார்: "நான் அழுது முடிக்கிறதுக்குள்ள என்னை ஆறுதல் சொல்ல அனுப்பிட்டீங்க."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பல வாரம் 88-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தோம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியில் எப்படியாவது ஒரு துதி வந்துவிடும். இது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறதே என்றார், கொஞ்சம் ஆச்சரியமாக.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பியவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தது நானில்லை. அவருடைய சபையில் ஒரு பெரியவர், கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபோது வேலையிழந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். மறுநாளும் ஷிப்டுக்கு எழுந்து, டிபன் கட்டச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்ததாம். அப்புறம் பல வருடம் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்து போனவர். நியாயப்படி அவர் இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தம்பி, அரிசி பிரிக்க ஒரு ஆள் வேணும், சனிக்கிழமை வர்றியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

பிடியரிசி தெரியும்தானே? உலையில் போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் சேர்த்து, ஆலயத்துக்குக் கொண்டுவருவது. நம் பாட்டிமார் கூலி வேலை செய்த காலத்திலும் விடாத பழக்கம். இப்போது ஐந்து கிலோ பாக்கெட்டாகவே வாங்கி வைத்துவிடுகிறவர்களும் உண்டு, சரி, அதுவும் அரிசிதான். சிக்கல் என்னவென்றால் எல்லாம் ஒரே மூட்டையில் விழும். பொன்னி, சோனா மசூரி, ரேஷன் அரிசி. புழுங்கலும் பச்சையும் கலந்தால் சோறு ஒரே பதத்தில் வேகாது. ஏழைக்குத்தானே என்று கலந்தே கொடுக்கக் கூடாது என்பது பெரியவரின் பிடிவாதம். அதனால் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துப் பிரித்து, எடை போட்டு, ஸ்கூட்டரில் வைத்துப் பதினோரு வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அங்க யாரும் 'வேலை கிடைச்சுதா'ன்னு கேக்கலை மேடம். 'உள்ள வாப்பா, தண்ணி குடி'ங்கிறாங்க" என்றார் அவர். அதில் ஒரு வீட்டில் முதுகுத்தண்டு பாதித்துப் படுக்கையிலேயே இருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். தன்னால் இனி யாருக்கும் பிரயோஜனமில்லை என்று அவர் அழுதபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். நான் ஏமி கார்மைக்கேலைப் பற்றிச் சொன்னேன். 1895-இல் முதலில் இந்த பெங்களூருக்குத்தான் வந்தார், இங்கேதான் தமிழ் படிக்கத் தொடங்கினார். டோனாவூரில் குழந்தைகளுக்கு வீடு அமைத்தவர், 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த அம்மாவிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். உதாரணம் காட்டினால் சிலருக்கு இன்னும் பாரமாகிவிடும். சபையின் ஜெபக் குறிப்புகளை அந்த அம்மாவிடம் கொடுக்கலாமா என்று பெரியவரிடம் கேட்கலாம் என்றேன். அவசரம் வேண்டாம், அந்த அம்மா தானாகக் கேட்கும்போது.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பியவருக்கு ஏழு மாதம் கழித்து ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சின்ன வீட்டுக்கு மாறியிருக்கிறார்கள். தூக்க மாத்திரை குறைந்த அளவில் இன்னமும் ஓடுகிறது. பெரியவர் நான்காவது மாதம்தான் தன் சுரங்கக் கதையைச் சொன்னாராம், அதுவும் இவர் கேட்டதால்.

போன சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "இந்த வாரம் 43 கிலோ மேடம். கடைசி வீட்டில் கதவு திறக்கவில்லை. சாயங்காலம் மறுபடி போகிறேன்."