முள்ளெலி

முள் + எலி = முள்ளெலி. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்ற நன்னூல் விதிப்படி ளகரம் இரட்டித்தது. ஆங்கிலத்தில் ஹெட்ஜ்ஹாக் எனப்படும் விலங்குக்கு இதுவே தமிழ். புதிதாக ஒரு சொல்லை ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனாலும் பலர் இதை 'முள்ளம்பன்றி' என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு விலங்கு: சங்கப் பாடல்களில் முளவுமா என வருவது. நீண்ட முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், உடம்பைச் சுருட்டாது. முள்ளெலி கையில் அடங்கும் அளவுதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் உடைமரமும் பனையும் நிற்கிற வறண்ட மணற்காடு இதற்கு ஏற்ற இடம். இருட்டியபின் வண்டு, கரையான், தேள் தேடிக் கிளம்பும். ஆள் அரவம் கேட்டால் முகத்தையும் கால்களையும் உள்ளே இழுத்துப் பந்தாகிவிடும். அப்போது குனிந்து பார்த்தால் தெரியும்: ஒவ்வொரு முள்ளிலும் வெளிர்நிறமும் கருநிறமும் வளையம் வளையமாக மாறி வரும். நரிக்கு அந்தப் பந்து போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் லாரிக்குப் போதாது.

உயிரியல் வகைப்பாட்டில் முள்ளெலி எலியே அல்ல, மூஞ்சூறுக்கு உறவு. கொறிவிலங்கு வரிசையில், எலியோடு சேர்த்து வைக்கப்படுவது முள்ளம்பன்றிதான். அதற்காகப் பெயரைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். தமிழில் 'எலி' உருவத்தையும் பருமனையும் கண்டு வைத்த பெயர்.

நம் பகுதி இனத்தின் அறிவியல் பெயர் பாராஎக்கினஸ் நியூடிவென்ட்ரிஸ். எக்கினோஸ் என்றால் கிரேக்கத்தில் முள்ளெலி. நூடுஸ், வென்டர் என்னும் லத்தீன் சொற்களுக்கு வெற்று, வயிறு என்று பொருள். 1851-இல் நியூடிவென்ட்ரிஸ் என்று பெயர் வைத்தவர் ஹார்ஸ்ஃபீல்டு என்ற இயற்கையியலாளர். இந்த இனம் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. அந்த லத்தீன் பெயரை அப்படியே 'வெறும்வயிற்று முள்ளெலி' என்று பெயர்த்தால், சாப்பிடாத முள்ளெலி என்றுதான் நம் காதில் விழும். 'மெட்ராஸ் முள்ளெலி' என்பதும் சென்னை விலங்கு என எண்ண வைக்கிறது. பாடநூலிலும் வனத்துறைப் பலகையிலும் தனிப்பெயர் வேண்டுமென்றால், தென்னக முள்ளெலி என்று எழுதலாம். பேச்சுக்கு முள்ளெலி போதும். கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதன் முள்ளைத் தேடுகிறவர்களிடம் பேசும்போதும் இந்தப் பெயரையே சொல்லுங்கள். எந்த விலங்கைப் பிடிக்க வேண்டாம் என்கிறோம் என்பது அவர்களுக்கு உடனே விளங்கும்.