வாடைக்காற்றில் வரும் புகையும் மழைக் கணக்கும்

ஜனவரியில் சில நாள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்த்தால், சூரியன் தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே, பழுப்புப் பட்டை ஒன்றுக்குள்ளிருந்துதான் மங்கிய சிவப்பாக வெளியே வரும். அதில் ஈரப்பதமும் கடல் உப்பும் உண்டு. கங்கைச் சமவெளியின் அடுப்புப் புகையும் வண்டிப் புகையும்கூட வாடைக்காற்றோடு வங்கக் கடலுக்கு வந்து சேர்கின்றன.

1999-ல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த ‘இண்டோயெக்ஸ்’ ஆய்வில், இந்தப் புகைப்படலம் சுமார் 3 கிலோமீட்டர் உயரம்வரை இருப்பது தெரிந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான வீ. ராமநாதன், நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்.

நிலக்கரிப் புகையிலிருந்து உண்டாகும் கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரித்துகளோ வெயிலை உறிஞ்சி, மேலே காற்றைச் சூடாக்கி, கீழே கடலையும் தரையையும் குளிர வைக்கும். கடல் ஆவியாவது குறையும். மேலே சூடு, கீழே குளிர் என்றானால் காற்று எழும்புவதும் தடைப்படும்.

மேகத்துக்குள் கதையே வேறு. ஒவ்வொரு மேகத்துளியும் ஒரு துகளைப் பற்றிக்கொண்டுதான் உருவாகிறது. பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்குக் கிடைக்கும் பாயசம் குறைவதுபோல, துகள் கூடினால் துளிகள் சிறுத்துப்போகும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். சிறு துளிகள் லேசில் சேராது. ஆனால் அவை உயரே போய் உறைந்தால், அப்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை இன்னும் வலுவாக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இது இன்னும் தீராத விவாதம்.

காலநிலையைக் கணக்கிட்டுப் பார்க்கும் கணினி மாதிரிகள் திணறுவது இங்கேதான். பல காலநிலை மாதிரிகள் வானத்தை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலப் பெட்டிகளாகப் பிரிக்கின்றன. புதுச்சேரி, கடலூர், நெய்வேலி, சிதம்பரம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். அனல்மின் நிலையப் புகைபோக்கி, கடல், நெல்வயல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி! துளிகளின் கணக்கைத் தோராயச் சமன்பாடுகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் பலன் இல்லாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தென்மேற்குப் பருவமழை ஏன் குறைந்தது என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பசுங்குடில் வாயுக்களை மட்டும் போட்டபோது அந்தக் குறைவு மாதிரியில் வரவில்லை. துகள்களையும் சேர்த்த பிறகுதான் வந்தது.

சரி, நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை? அது ஒடுங்கிய கரையோரத்தில், சில புயல்களையும் காற்றழுத்தத் தாழ்வுகளையும் நம்பிப் பெய்வது. ஒரு புயல் கரையேறும் இடம் கொஞ்சம் மாறினாலே அந்த ஆண்டின் கணக்கு மாறிவிடும். அதற்குள் துகளின் பங்கைத் தனியே பிரிக்க, கடலூர், புதுச்சேரி கரையிலேயே துகள்களையும் மேகங்களையும் ஆண்டு முழுக்க, பல ஆண்டுகள் விடாமல் அளக்க வேண்டும்.