படைவீரர்களின் உயிரைக் குடித்த தண்ணீர்

1861 ஏப்ரல் 12, விடியற்காலை 4.30 மணி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையைத் தெற்குப் படை பீரங்கிகளால் சுட ஆரம்பித்தது. சுமார் 34 மணி நேரம் குண்டு மழை. கோட்டை சரணடைந்தது. இத்தனைக்கும் அந்தக் குண்டுவீச்சில் இரண்டு பக்கமும் ஒருவர்கூடச் சாகவில்லை. ஏப்ரல் 15 அன்று ஜனாதிபதி லிங்கன் 75,000 தொண்டர்களைப் படைக்கு அழைத்தார், அதுவும் 90 நாள் சேவைக்குத்தான்.

அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட அந்த உள்நாட்டுப் போர் நான்கு ஆண்டு நீண்டது. இறந்த வீரர்கள் 6,20,000 பேர் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அதை 7,50,000 வரை உயர்த்தியது. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் செத்தது நோயால். சண்டைக்களத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் முகாமிலேயே கண்ணை மூடியவர்கள் ஏராளம்.

ஏன் அப்படி?

முதலில் வந்தது தட்டம்மை. பட்டிக்காட்டுப் பண்ணைகளில் வளர்ந்த பையன்கள் பலருக்குச் சின்ன வயதில் அது வந்ததே இல்லை. ஒரு ரெஜிமெண்டுக்கு ஆயிரம் பேர் வீதம் கூடாரங்களில் நெருக்கியடித்துப் படுத்தபோது, ஒருவர் இருமினாலே போதுமானதாக இருந்தது. தட்டம்மையின் கொடுமை காய்ச்சலோடு முடிவதில்லை. பழைய நோய்களை நினைவு வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்களையும் அது அழித்துவிடும். அதனால்தான் அம்மை இறங்கி எழுந்து உட்கார்ந்தவர்களை அடுத்த வாரமே நிமோனியா கொண்டுபோனது.

ஆனால் வருடக்கணக்கில் விடாமல் அரித்தது வயிற்றுப்போக்கும் சீதபேதியும்தான். வடக்குப் படையில் மட்டும் 40,000 பேருக்கு மேல் இவற்றால் இறந்தார்கள். முகாமுக்கு முகாம் மலக்குழி வெட்ட வேண்டும், தினமும் அதன்மேல் மண் போட வேண்டும் என்று விதி இருந்தது. நாற்றம் தாங்காமல் பலர் குழிப் பக்கமே போகவில்லை. இருட்டில் கூடாரத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார்கள். ஒரு மழை பெய்தால் அத்தனையும் ஓடைக்குப் போகும். மழை இல்லாத நாளில் ஈக்கள் அதைச் சோற்றுத் தட்டுக்குக் கொண்டுவரும். சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பத்திலிருந்து நூறு வரை உள்ளே போனாலே ஆளைச் சாய்த்துவிடும். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரில் அது இருந்தாலும் யார் கண்டார்கள்? இதே மாதிரி தண்ணீரில் பரவும் டைபாய்டின் கிருமியை அடையாளம் கண்டதே 1880இல்தான்.

இந்த இடத்தில் காப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீரரின் நாளில் சண்டை என்பது அபூர்வம். பெரும்பாலும் ட்ரில், மறுபடியும் ட்ரில், அப்புறம் விறகு, காவல், காத்திருப்பு. நடை நின்றதும் முதல் வேலையாக அடுப்பு மூட்டுவார்கள். பையில் முடிந்து வைத்திருந்த காப்பிக்கொட்டையைத் துப்பாக்கியின் கட்டையால் நசுக்கித் தகரக் குவளையில் போட்டு, ஓடையில் மொண்ட தண்ணீரோடு நெருப்பில் வைப்பார்கள். ஹார்ட்டாக் என்ற கல் போன்ற பிஸ்கட்டை உடைத்து அதில் போட்டால், உள்ளே குடியிருந்த வண்டும் புழுவும் மேலே மிதந்து வரும். அவற்றை வழித்து எறிந்துவிட்டுக் குடிப்பார்கள். அந்த பிஸ்கட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'புழுக்கோட்டை'. தெற்குக்காரர்களுக்குக் கடல் முற்றுகையால் காப்பி வருவது நின்றுபோக, சிக்கரியையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வறுத்துப் போட்டார்கள்.

எதைப் போட்டாலும் தண்ணீர் கொதித்தாக வேண்டும். கொதித்தால் ஷிகெல்லாவும் டைபாய்டு கிருமியும் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத அந்தப் பையன்கள் ஒரு குவளை அளவுக்கு நல்ல தண்ணீரைத் தயாரித்துக்கொண்டார்கள். வெயிலில் நடக்கும்போது கையில் கிடைத்த குட்டைத் தண்ணீரை அப்படியே குடித்ததுதான் வினையாகப் போனது.

நோய் வந்தபின் கொடுத்த மருந்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. அந்த நிலையில் இருந்தவருக்குக் கேலமல் கொடுத்தார்கள். அது பாதரசம் கலந்த பேதி மருந்து! வடக்குப் படையின் தலைமை மருத்துவர் வில்லியம் ஹேமண்ட் 1863இல் அதை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள், அடுத்த ஆண்டு வேறு குற்றச்சாட்டுகளில் ராணுவ நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே விலக்கியது. உண்மையில் தேவைப்பட்டது உப்பும் சர்க்கரையும் கரைத்த சுத்தமான தண்ணீர். குடல் அணுவுக்குள் சர்க்கரை நுழையும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். உப்பு போகும் பக்கம் தண்ணீர் தானே போகும். நூறு வருடம் கழித்துத்தான் இந்த வழி புரிந்தது. 1971 வங்கதேசப் போரின் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இதே கரைசலைக் கொடுத்து, காலராச் சாவை சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்குக் கீழே இறக்கினார்.

தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு, பிடிபட்ட வடக்கு வீரர்களைத் தெற்குப் படை அடைத்து வைத்த, ஜார்ஜியாவில் இருந்த ஆண்டர்சன்வில் கைதிமுகாமைவிடத் துல்லியமான சாட்சி கிடையாது. பத்தாயிரம் பேருக்காகக் கட்டிய அடைப்பில் 1864 ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நடுவே ஒரே ஒரு சின்ன ஓடை. மேல்பக்கம் காவலர்களின் முகாமும் சமையற்கொட்டகையும். அவற்றின் கழிவோடுதான் ஓடை உள்ளே வரும். அதையே குடித்து, அதிலேயே குளித்து, அதன் கீழ்முனையிலேயே மலம் கழித்தார்கள். 14 மாதத்தில் அங்கே அடைபட்ட 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள்.

அதே ஆகஸ்டில் ஒரு பெருமழைக்குப் பிறகு அடைப்பின் ஓரத்தில் ஊற்று ஒன்று பீறிட்டது. மண்ணுக்குள் வடிந்து வந்த நீர், ஓடைச் சாக்கடை கலக்காதது. கடவுளே அனுப்பியது என்று கைதிகள் அதைச் சுற்றிக் கூடினார்கள். 1901இல் அந்த ஊற்றின்மேல் ஒரு சிறிய கல் மண்டபம் கட்டினார்கள். அது இன்னும் அங்கே நிற்கிறது.