புது வண்டி வருகிறது, தெருவுக்கும் தண்ணீருக்கும் யார் பொறுப்பு?

கல்யாண மண்டபம், துணிக்கடை, விடுதி, சின்ன மருத்துவமனை என்று தீப்பாதுகாப்பு ஆய்வுக்கு நான் போகும் இடங்களில் முதலில் மேஜைக்கு வருவது ஒரு ஃபைல். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சிலிண்டர் ரீஃபில் செய்த பில் எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும். அப்புறம் மாடி ஏறிப் பார்த்தால், வரைபடத்தில் திறந்தவெளி என்று காட்டிய மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும். இரண்டாவது படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி.

தடையின்மைச் சான்று கொடுத்தது மாநிலத் துறை. கட்டிட அனுமதி, தொழில் உரிமம், சொத்துவரி எல்லாம் உள்ளாட்சியின் கையில். அனுமதிக்குப் பிறகு முளைத்த அந்தக் கொட்டகையைக் கேட்க வேண்டியது யார்? இரண்டு அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் மற்றதைக் கைகாட்டின.

தீயணைப்புத் துறையை நவீனமாக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். 15-வது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்க ஒன்றிய அரசு 2023-ல் ரூ.5,000 கோடியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் ரூ.500 கோடி, சட்டத்திலும் கட்டமைப்பிலும் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. நல்ல திட்டம்தான். நிலையங்களுக்கு வண்டியும் கருவியும் கட்டாயம் தேவை.

ஆனால் வண்டி வந்து நின்ற பிறகு நடப்பதையும் யோசிக்க வேண்டும். நம் ஊரில் பரவலாக ஓடும் தண்ணீர் வண்டி ஏறக்குறைய 4,500 லிட்டர் கொள்ளும். பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் சில நிமிடங்களில் காலி. அடுத்த தண்ணீர் எங்கிருந்து? தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்கத் தெருவில் வைத்த குழாய் இணைப்பு, அதாவது ஹைட்ரன்ட், இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ லாரியிலிருந்தோ. ஹைட்ரன்டைப் பராமரிப்பது, தொட்டியில் வண்டி நிரப்ப வசதி வைப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு வால்வைத் திறக்க ஆள் வைப்பது எல்லாம் குடிநீர் வழங்கும் உள்ளாட்சியின் வேலை. தெருவும் அப்படித்தான். கடைவாசலில் நீட்டிய ஷெட், சாலையைப் பாதி அடைத்த பந்தல், தாழத் தொங்கும் கேபிள், இதில் எதையும் தீயணைப்பு நிலைய அலுவலரால் அகற்ற முடியாது. தீப்பிடித்த பிறகுதான் அவர் அந்தத் தெருவுக்குள் வருகிறார்.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 துறைகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டார்கள். ஏழாவது, தீயணைப்புப் பணிகள். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியுடையது. தமிழ்நாட்டில் அது மாநிலத் துறையாகவே நீடிக்கிறது. 1985-ன் தீயணைப்புப் பணிச் சட்டம்தான் அடிப்படை. அந்தத் துறையை மாநகராட்சியிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ராஜ்கோட்டைப் பாருங்கள். அங்கே தீயணைப்பு, கட்டிட அனுமதி இரண்டுமே மாநகராட்சியிடம். அப்படியிருந்தும் தீயணைப்புச் சான்றே இல்லாமல் ஒரு விளையாட்டரங்கம் நடந்து, 2024 மே 25-ல் குழந்தைகள் உட்பட 25-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து மாநகராட்சியைக் கடுமையாகச் சாடியது. ஆக, துறை யாரிடம் இருந்தாலும், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அதை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்களா என்பதையே நான் பார்ப்பேன்.

லண்டனில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2018 முதல் தீயணைப்பு ஆணையர் மேயருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தேர்ந்தெடுக்கப்பட்ட லண்டன் அவையின் உறுப்பினர்கள் அவரைப் பொதுக்கூட்டத்தில் வைத்துக் கேட்கலாம். 2017-ல் கிரென்ஃபெல் அடுக்ககம் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, விசாரணை அறிக்கை சொன்ன திருத்தங்களில் எத்தனை முடிந்தன, எத்தனை பாக்கி என்று அங்கே வெளிப்படையாகக் கேட்கிறார்கள். நம் மாமன்றக் கூட்டங்களில் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை பற்றிப் பேசுகிறோம். அதெல்லாம் பேச வேண்டியதுதான். தீ எப்போது அஜெண்டாவில் வந்தது?

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் எரிந்தது. மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு மாதத்தில், ஜூலை 16-ல், கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் கீற்றுக் கூரை வேய்ந்திருந்தது. அந்தக் கூரையைப் பார்க்க எந்த நவீனக் கருவியும் தேவையில்லை, தெருவில் நடந்து போகிற வார்டு உறுப்பினரின் கண் போதும். இருபது ஆண்டுகள் கழித்தும் மொட்டை மாடிக் கொட்டகைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கீற்று போய்த் தகரமும் பிளாஸ்டிக் ஷீட்டும் வந்திருக்கின்றன. உள்ளே தெர்மாகோல் சீலிங். எரிந்தால் நெருப்பைவிட புகை முந்திக்கொள்ளும்.

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் 2022-லேயே வந்துவிட்டன. உங்கள் பகுதி சபை கூடும்போது மூன்று விஷயம் கேளுங்கள். வார்டில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருக்கள் எவை? வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் இடம் எங்கே, அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது என்றைக்கு? உரிமம் புதுப்பித்த மண்டபங்களிலும் விடுதிகளிலும் அனுமதித்த வரைபடத்தோடு கட்டிடத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்களா? முதல் கேள்விக்கு நிலைய அலுவலரிடம் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். அவரையே கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். இதுவரை நான் பேசிய நிலைய அலுவலர்களில் வரமாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கூப்பிடவில்லை என்றுதான் சொன்னார்கள்.

பதிலை வாய்மொழியாக வாங்க வேண்டாம், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் மண்டபத்தின் பெயரோடு கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் மட்டும் இருந்தால் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டிடம் இல்லை என்று பதில் வந்துவிடும்.